துரு எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பிடிக்காது

"அண்ணா, கேம் ஆர்ட் கத்துக்கணும். சப்ஸ்டன்ஸ் பெயின்டர் படிக்கணுமா, பிளெண்டரே போதுமா?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. தோஹாவில் பிளஸ் டூ படிக்கும் தம்பி கேட்கிறான். அல் கோரில் வளர்ந்து இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும் தங்கை கேட்கிறாள். என் பதில் இதுதான். எதை வேண்டுமானாலும் படியுங்கள், ஒரு மாதத்தில் பட்டன்கள் கைக்குப் பழகிவிடும். ஆனால் அந்த சாஃப்ட்வேர் தயாராக வைத்திருக்கும் துருவை மட்டும் அப்படியே எடுத்துப் பூசாதீர்கள். ராஸ் லஃபான் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல துரு தெரியும். உங்களுக்குத் தெரியாவிட்டால், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார்.

நான் கேம் ஸ்டுடியோ ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்து ஐடி கன்சல்டன்ட்டாக இருப்பவன். டெக்ஸ்சர் வேலை ராத்திரி நேரத்துப் பழக்கம். அதனால் எந்த சாஃப்ட்வேரையும் விற்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

டெக்ஸ்சர் என்றால் என்ன?

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கேமில் வரும் ஒரு பீப்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதன் உருவத்தை 3டி மாடலாகச் செய்வார்கள். அப்போது அது சாம்பல் நிறக் களிமண் மாதிரி இருக்கும். பிறகு அந்த மாடலின் தோலை உரித்துத் தட்டையாக விரிப்பார்கள். பிஸ்கட் அட்டைப்பெட்டியை ஒட்டுப் பிரித்துத் தரையில் பரப்புவோமே, அது மாதிரி. இதற்கு யூவி அன்ராப் என்று பெயர். அந்தத் தட்டையான தோலின் மேல் வரைவதுதான் டெக்ஸ்சர்.

முன்பெல்லாம் இதை ஃபோட்டோஷாப்பில் ஒரே படமாக வரைந்தார்கள். நிறம், நிழல், பளபளப்பு எல்லாம் அந்த ஒரு படத்துக்குள்ளேயே. இன்று தனித்தனிப் படங்கள். நிறத்துக்கு ஒன்று. மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்பு என்பதற்கு ரஃப்னெஸ். அது உலோகமா இல்லையா என்பதற்கு மெட்டாலிக். நுணுக்கமான மேடு பள்ளங்களுக்கு நார்மல். வெளிச்சம் எப்படி விழும் என்பதை கேம் எஞ்சினே கணக்குப் போட்டுக்கொள்ளும். இந்த முறைக்குச் சுருக்கமாகப் பிபிஆர் என்று பெயர். 2012இல் டிஸ்னியைச் சேர்ந்த பிரென்ட் பர்லி வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் சினிமா, கேம் இரண்டிலும் இது வேகமாகப் பரவியது.

சப்ஸ்டன்ஸ் பெயின்டர் அந்த அலையில் வந்ததுதான். பிரான்ஸில் கிளெர்மோன் ஃபெரான் என்ற ஊரில் 2003இல் தொடங்கிய அலகோரித்மிக் என்ற நிறுவனம் அதை 2014இல் வெளியிட்டது. 2019 ஜனவரியில் அடோபி அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. இன்று பெரிய ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்.

இதில் எல்லாரையும் மயக்கும் விஷயம் 'ஸ்மார்ட் மெட்டீரியல்'. பட்டியலிலிருந்து 'துருப்பிடித்த இரும்பு' என்று ஒன்றை இழுத்து மாடலின் மேல் போட்டால் போதும். விளிம்புகளில் பெயிண்ட் உரிந்து, இடுக்குகளில் அழுக்கு சேர்ந்து, ஐந்து நொடியில் பீப்பாய் இருபது வருடப் பழசாகிவிடும். முதல் தடவை பார்க்கும்போது வாய் பிளந்துதான் போகும்.

மந்திரமெல்லாம் ஒன்றுமில்லை. மாடலின் எந்த இடம் துருத்திக்கொண்டிருக்கிறது, எந்த இடம் குழிந்திருக்கிறது என்று சாஃப்ட்வேர் முன்கூட்டியே கணக்கெடுத்து வைத்துக்கொள்கிறது. இதை 'பேக்கிங்' என்பார்கள். துருத்திய இடம் தேயும், குழிந்த இடம் அழுக்காகும். அவ்வளவுதான் விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த விதிக்கு ஊர் தெரியாது. கடல் எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து வருகிறது, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, யார் கை எங்கே படுகிறது என்பதெல்லாம் தெரியாது. அதனால்தான் ஆரம்பநிலை போர்ட்ஃபோலியோக்களில் நாம் பார்க்கும் பீப்பாய்கள் எல்லாம் ஒரே கடையில் வாங்கிய மாதிரி இருக்கின்றன.

ராஸ் லஃபானில் இரும்புக்கு என்ன நடக்கிறது?

தோஹாவுக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில், கத்தாரின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கிறது ராஸ் லஃபான். 1996 டிசம்பரில் ஜப்பானுக்கான முதல் எல்என்ஜி இங்கேதான் கப்பலில் ஏற்றப்பட்டது. பிறகு அது வருடத்துக்கு 7.7 கோடி டன் எல்என்ஜி தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்தால் அது திரவமாகி 600இல் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும். அதற்காகத்தான் அத்தனை பைப்புகள், டாங்குகள், கோபுரங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இரும்பும் எஃகும்.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. இந்த ஊரை கேமில் கொண்டுவந்தால் மெட்டாலிக் மேப் எப்படி இருக்கும்? உலோகம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு என்பது விதி. எல்லாம் எஃகு, அதனால் முழு வெள்ளை என்று நினைப்பீர்கள். உண்மையில் பெரும்பகுதி கறுப்பாகத்தான் இருக்கும். பெயிண்ட் உலோகம் இல்லை. தூசி உலோகம் இல்லை. துருவும் உலோகம் இல்லை. இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடு ஆனபிறகு அது இரும்பு போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. வெள்ளை வருவது இன்சுலேஷனுக்கு மேலே சுற்றியிருக்கும் உலோகத் தகட்டிலும், பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும், புதிதாகக் கீறல் விழுந்த இடத்திலும்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே உங்கள் டெக்ஸ்சர் மற்றவர்களுடையதிலிருந்து தனியாகத் தெரியும்.

அடுத்தது தண்ணீர். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை. கத்தாரில் 100 மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அப்படியென்றால் சுவரில் மழைத் தண்ணீர் வழிந்த நீளக் கறை இங்கே ஏன் வர வேண்டும்? பாசி ஏன் வர வேண்டும்? ஆனால் துரு மட்டும் தாராளமாக வருகிறது. காரணம் கடல் உப்பும் ராத்திரி ஈரமும். ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கு வெளியே போனால் மூக்குக்கண்ணாடி மங்கிவிடும், பார்த்திருப்பீர்கள். அதே ஈரம் பைப்பின் மேலும் படிகிறது. ஏற்கெனவே படிந்திருக்கும் உப்புத் தூசியைக் குழைத்து, மெல்லிய சேறாக்கி, காலையில் காய வைத்துவிட்டுப் போகிறது. வெயில் படும் பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும். நிழல் பக்கமும், பைப் தாங்கியின் மேல் உட்காரும் அடிப்பக்கமும் வெகுநேரம் ஈரமாகவே இருக்கும். துரு அங்கேதான் முதலில் கிளம்பும். ஸ்மார்ட் மெட்டீரியல் காட்டுவது போல் மேல் விளிம்பில் இல்லை.

காற்றுக்கும் திசை உண்டு. கோடையில் அடிக்கும் ஷமால் வடமேற்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் பார்த்த பரப்பில் மணல் உரசி பெயிண்ட் மங்கிப் போகும். எதிர்ப்பக்கத்தில் தூசி ஒதுங்கும். சூரியன் வருடத்தின் பெரும்பகுதி தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பக்கக் கைப்பிடிக் கம்பியின் மஞ்சள் வெளுத்திருக்கும், வடக்குப் பக்கம் அழுத்தமாக இருக்கும். ஒரு வால்வைப் பார்த்தே வடக்கு எது என்று சொல்லிவிடலாம். சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் திசையை வைத்து மாஸ்க் போட 'லைட்' ஜெனரேட்டர் என்று ஒன்று இருக்கிறது. பலரும் அதைத் தொடுவதே இல்லை. ஒரே பொருளைப் பல இடங்களில் திருப்பித் திருப்பி வைக்கப் போகிறீர்கள் என்றால், திசைத் தூசியை டெக்ஸ்சரில் பதிக்காமல் கேம் எஞ்சினில் ஷேடராகப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வால்வும் ஒவ்வொரு வடக்கைக் காட்டும்.

இன்னொன்று, வெளியே தெரியாத துரு. இன்சுலேஷனுக்குள் ஈரம் புகுந்து உள்ளே இருக்கும் பைப் அரித்துப்போவதை, எண்ணெய், எரிவாயுத் தொழிலில் பெரிய தலைவலியாகவே பார்க்கிறார்கள். வெளித்தகடு புதிது மாதிரி மின்னும். தகடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பழுப்புக் கோடு. அனுபவசாலி இன்ஸ்பெக்டர் அந்தக் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிடுவார். கேமில் ஒரு கதாபாத்திரம் அந்தக் கோட்டைப் பார்த்து நின்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். ஒரு வரி வசனம் இல்லாமல் கதை தொடங்கிவிடும்.

லேயர் என்றால் அவர்களுக்குத் தெரியும்

சப்ஸ்டன்ஸ் பெயின்டரின் அடிப்படை லேயர். கீழே ஒன்று, அதன் மேல் ஒன்று, எது எங்கே தெரிய வேண்டும் என்பதற்கு மாஸ்க். இதைப் புரியவைக்க மணிக்கணக்கில் வீடியோக்கள் இருக்கின்றன. நம் ஊர்ப் பெயிண்டர் ஒருவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

கடலோர ஆலையில் ஒரு எஃகுத் தூணுக்குப் பெயிண்ட் அடிப்பது வீட்டுச் சுவருக்கு அடிப்பது போலக் கிடையாது. முதலில் பிளாஸ்டிங். அழுத்தக் காற்றில் கார்னெட் மாதிரித் துகள்களை வீசி, பழைய துருவையும் செதில்களையும் அடித்து எடுப்பார்கள். எவ்வளவு சுத்தம் என்பதற்கு ஐஎஸ்ஓ 8501 தரத்தில் அளவு உண்டு. "எஸ்ஏ ரெண்டரை அடிச்சாச்சா?" என்று சைட்டில் கேட்பது அதைத்தான். அப்படி அடித்ததும் எஃகு வெறும் சுத்தமாக மட்டும் ஆகாது, பூச்சு பிடிக்கும் அளவுக்குச் சொரசொரப்பாகவும் ஆகும். அந்தச் சொரசொரப்பையும் மைக்ரான் கணக்கில் அளப்பார்கள்.

அதன் மேல் துத்தநாகம் கலந்த பிரைமர், சாம்பல் நிறம். கீறல் விழுந்தால் இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னைக் கொடுத்துக்கொள்ளும். அதன் மேல் கனமான எபாக்சி, ஈரம் உள்ளே போகாமல் தடுக்க. ஆனால் எபாக்சிக்கு வெயில் ஆகாது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துத் தூளாகிவிடும். அதனால் அதற்கு மேலே பாலியூரித்தேன், வெயிலைத் தாங்க. ஒவ்வொரு பூச்சின் தடிமனையும் கேஜ் வைத்துப் பார்த்து எழுதி வைப்பார்கள்.

இப்போது ஒரு ஸ்பேனர் கைதவறி அந்தத் தூணில் விழுகிறது. உள்ளே என்ன தெரியும்? விழுந்த வேகத்தைப் பொறுத்து முதலில் எபாக்சியின் நிறம், பிறகு சாம்பல், கடைசியில் எஃகு. உடனே துரு வராது, துத்தநாகம் கொஞ்ச காலம் காப்பாற்றும். பிறகு துரு பெயிண்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் பெயிண்ட் கொப்புளமாக எழும்பும், அப்புறம்தான் உடையும். டெக்ஸ்சர் பாஷையில் சொன்னால், நிறம் மாறுவதற்கு முன்பே ஹைட் மேப் மாற வேண்டும். ஸ்மார்ட் மெட்டீரியல் நேராகப் பெயிண்டிலிருந்து துருவுக்குத் தாவும். நடுவில் இருக்கும் மூன்று லேயரும் அதற்குத் தெரியாது.

இந்த அறிவு யாரிடம் இருக்கிறது? ராஸ் லஃபானில் பிளாஸ்டர், பெயிண்டர், சாரம் கட்டுபவர், இன்சுலேஷன் போடுபவர் என்று வேலை பார்த்த நம் ஆட்களிடம். அந்த கார்னெட்டுக்குக்கூட நம் ஊர்த் தொடர்பு உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் கார்னெட் கிடைக்கிறது. பல ஆண்டுகள் அது ஏற்றுமதியானது. விதி மீறி மணல் அள்ளப்படுகிறது என்ற புகார்கள் எழுந்து, 2013இல் தமிழக அரசு தடை போட்டது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். கத்தாருக்குக் குடும்பத்தைக் கூட்டிவர ஒரு குறிப்பிட்ட அளவு சம்பளம் வேண்டும். இன்ஜினியர், சூப்பர்வைசர் வீட்டுப் பிள்ளைகள் இங்கே வளர்கிறார்கள். பிளாஸ்டிங் கன் பிடித்தவரின் பிள்ளை ராமநாதபுரத்திலோ பெரம்பலூரிலோ இருந்துகொண்டு அப்பாவை வீடியோ காலில் பார்த்து வளர்கிறது. மேற்பரப்பைப் பற்றி அதிகம் தெரிந்தவர் கேம்ப் ரூமில் தனியாக இருக்கிறார். அதை வைத்து ஏதாவது செய்யக்கூடிய லேப்டாப் வேறொரு வீட்டில் இருக்கிறது. நாம் லேப்டாப் இருக்கும் பக்கம் பிறந்தவர்கள். அந்தப் பக்கம் போய்க் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. "சித்தப்பா, இது எப்படித் துருப்பிடிக்கும்?" என்று கேட்டால் எந்த மனிதரும் முகம் திருப்ப மாட்டார். அவர் வேலையைப் பற்றி அதுவரை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், அல் கோரில் இருப்பவன், ஒரு வால்வு செய்தான். சுத்தமான வேலை. அவன் அப்பா இன்சுலேஷன் சூப்பர்வைசர். ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "ஏன்டா, சக்கரம் பூராவும் துருப்பிடிச்சுக் கெடக்கு. இத யாரும் திருப்புறதே இல்லையா? கை படுற எடத்துல துரு நிக்காதுடா. தண்டுலதான் கிரீஸ் அழுக்கு ஏறி இருக்கும்." அந்த நாலு வாக்கியத்துக்குச் சமமான டுடோரியலை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதில் நமக்கு என்ன?

ஒரு துருவுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். சொல்கிறேன்.

வளைகுடாவை உலகம் கேமில் எப்படிப் பார்த்திருக்கிறது? கவுன்டர்-ஸ்ட்ரைக் விளையாடாதவர்கள் நம்மில் குறைவு. அதில் டஸ்ட், டஸ்ட்2 என்ற மேப்கள். மணல் நிறச் சுவர், வளைவு வாசல், மரப்பெட்டி. 'அரபு ஊர்' என்றால் கோடிக்கணக்கான இளைஞர்களின் மனதில் வருவது அதுதான். அதை வடிவமைத்தவர் டேவ் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் இளைஞர். முதல் டஸ்ட் மேப்புக்கு அவருக்குத் தூண்டுதலாக இருந்தவை வேறொரு கேமின் முன்னோட்டப் படங்கள். அவர்மேல் குற்றமில்லை, அருமையான மேப் அது. ஆனால் ஒரு ஊரைப் பார்க்காமலே அந்த ஊரின் முகத்தை உருவாக்கிவிட முடியும், அதுவே நிலைத்தும்விடும் என்பதற்கு அது உதாரணம். அந்த ஊரில் யாரும் வேலைக்குப் போவதில்லை. பகாலா இல்லை, கரக் கடை இல்லை, மாடி ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இல்லை, மூன்று மணிக்கு கவரால் கழற்றாமல் பஸ்ஸில் தூங்கும் ஆள் இல்லை.

நாம் அந்த ஊரில் வளர்ந்தவர்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு அது நிரந்தர ஊர் இல்லை. அப்பாவின் வேலை முடிந்தால் விசா முடியும், விசா முடிந்தால் வீடு முடியும். ஸ்கூல் நண்பர்கள் நாலு நாட்டுக்குப் பிரிவார்கள். 'சொந்த ஊர் எது' என்று கேட்டால் நாம் சொல்லும் ஊரில் நமக்குத் தெரு பெயர்கூடச் சரியாகத் தெரியாது. தெரு பெயர் தெரிந்த ஊரை நம் ஊர் என்று சொல்லிக்கொள்ள உரிமை இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு இடத்தின் மேற்பரப்பைச் சரியாக நினைவு வைத்து, அதைத் திரும்பச் செய்யத் தெரிவது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. நாம் இங்கே இருந்தோம் என்பதற்கு நாமே எழுதிக்கொள்ளும் சான்று அது.

ஏற்கெனவே ஒருவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா'. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. அதில் பிபிஆர் இல்லை, மெட்டாலிக் மேப் இல்லை, எல்லாம் 2டி ஓவியம். ஆனால் அந்த கேமின் மையத்தில் இருப்பது என்ன? கிழிந்து, கறைபட்டு, எழுத்து அழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு. அழிந்த இடத்தில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று கண்டுபிடித்துச் சமைப்பதுதான் விளையாட்டே. ஒரு காகிதத்தின் தேய்மானமே அங்கே கதையாகிவிட்டது. அந்தக் கறையை எந்தப் பட்டியலிலிருந்தும் இழுத்துப் போட முடியாது.

நீங்கள் கேட்கப்போகும் மூன்று கேள்விகள்

"வேலைக்கு சப்ஸ்டன்ஸ் தெரியணுமே?" ஆமாம், தெரியணும். படியுங்கள். ஆனால் சாஃப்ட்வேரை மட்டும் நம்பாதீர்கள். பத்து வருடம் முன்பு குவிக்செல்லின் டிடிஓ இதே அளவுக்குப் பேசப்பட்டது, இன்று அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிறுவனத்தையும் நம்பாதீர்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் விழுந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் இருந்த கலைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே வாரத்தில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். டூல் மாறும், கம்பெனி மூடும். பார்க்கத் தெரிந்த கண் உங்களுடனேயே வரும்.

"ஏஐ இதையெல்லாம் செஞ்சிடுமே?" செய்யும். 'துருப்பிடித்த பைப்' என்று கேட்டால், அது பார்த்த படங்களிலிருந்து பொதுவான ஒரு துருவைத் தரும். அதாவது ஊர் தெரியாத ஸ்மார்ட் மெட்டீரியல்தான், இன்னும் வேகமாக. பொதுவானதைச் செய்பவர்கள் பயப்பட வேண்டியதுதான். ஷமால் பக்கம் எது, நிழல் பக்கம் எது என்று தெரிந்தவர் அதனிடம் சரியாகக் கேட்கவும் முடியும், தவறாகத் தந்தால் கண்டுபிடிக்கவும் முடியும்.

"காசு?" சப்ஸ்டன்ஸுக்குச் சந்தா கட்ட வேண்டும். மாணவர்கள் முதலில் கல்விச் சலுகை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காசே இல்லாமல் தொடங்க பிளெண்டர் இருக்கிறது, மெட்டீரியல் மேக்கர் இருக்கிறது. பாலி ஹேவன் தளத்தில் டெக்ஸ்சர்கள் இலவசம், எதற்கும் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டர் பெரிதாக வேண்டும் என்றும் பயப்பட வேண்டாம். 4096க்கு 4096 அளவுள்ள ஒரு படம் சுருக்காமல் மெமரியில் 64 எம்பி பிடிக்கும். 1024 என்றால் வெறும் 4 எம்பி. பழகுவதற்கு 1024 தாராளம்.

நாலு வாரம் இப்படிச் செய்து பாருங்கள்

முதல் வாரம் சாஃப்ட்வேரைத் திறக்கவே வேண்டாம். உங்களைச் சுற்றி இருக்கும் ஒரே ஒரு பொருளை எடுங்கள். மொட்டை மாடி ஏசி அவுட்டோர் யூனிட், தண்ணீர் டாங்க், கடை ஷட்டர், எது வேண்டுமானாலும். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பாருங்கள். நாலு கேள்விக்கு நோட்டில் பதில் எழுதுங்கள். இது எதனால் ஆனது? இதன் மேல் என்னென்ன பூசியிருக்கிறார்கள்? வெயில், காற்று, ஈரம் எந்தப் பக்கம் அடிக்கிறது? யார் கை, யார் கால் எங்கே படுகிறது? ஒரு எச்சரிக்கை: ராஸ் லஃபான் மாதிரித் தொழிற்பகுதிகளில் அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்கக் கூடாது. அங்கே வேலை செய்பவர் வாயால் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அது போதும். மற்ற இடங்களிலும் ஆட்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

இரண்டாம் வாரம் அந்தப் பொருளை எளிமையாக மாடல் செய்து, அன்ராப் செய்து, பேக் செய்யுங்கள். ஸ்மார்ட் மெட்டீரியல் பக்கம் போகாமல் வெறும் லேயர்களைக் கீழிருந்து மேலாக அடுக்குங்கள். முதலில் உலோகம், பிறகு பிரைமர், பிறகு பெயிண்ட். பொருள் புதிதாக இருந்த நாளில் எப்படி இருந்திருக்குமோ அதைச் செய்யுங்கள்.

மூன்றாம் வாரம் வயதாக்குங்கள். ஒவ்வொரு மாஸ்க் போடும்போதும் "இது ஏன் இங்கே?" என்று கேளுங்கள். நோட்டில் பதில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அழித்துவிடுங்கள். ஜெனரேட்டர்களைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. கடைசி வார்த்தை உங்களுடையதாக இருந்தால் சரி.

நாலாம் வாரம் அதை ஒரு ஆர்ட்டிஸ்ட்டிடம் காட்டுவதற்கு முன்னால், அந்தப் பொருளோடு வேலை செய்த ஒருவரிடம் காட்டுங்கள். ஏசி என்றால் ஏசி மெக்கானிக். ஷட்டர் என்றால் கடைக்காரர். பைப் என்றால் உங்கள் அப்பா, அல்லது வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு வீட்டுக்கு வரும் அந்தச் சித்தப்பா. "இந்த எடத்துல இப்படி ஆகாது தம்பி" என்று அவர் சொன்னால் லேப்டாப்பை மூடாமல் அங்கேயே உட்கார்ந்து திருத்துங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல், "இது எந்த யூனிட்டுல எடுத்தது?" என்று கேட்டுவிட்டால் உங்கள் வேலை முடிந்தது.